தூக்கத்தில் கை ஓங்குகிறவரைக் கட்டிப் போடாதீர்கள்

போன வாரம் எலும்பு மருத்துவர் ஒருவர் என்னிடம் ஓர் அம்மாவை அனுப்பிவைத்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் முதலில் சொல்லியிருக்கிறார். கண்ணுக்குக் கீழே மஞ்சளாகிப்போன பழைய காயம் ஒன்றைப் பார்த்துவிட்டு மருத்துவர் விடாமல் கேட்க, விஷயம் வெளியே வந்தது. அடித்தது கணவர். விடியற்காலையில், தூக்கத்தில்.

கணவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. தலையைக் குனிந்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மகன்தான் பேசினார். "அம்மாவ அடிச்சிட்டு, கேட்டா தூங்கிட்டு இருந்தேன்னு சொல்றாரு சார். மனசுல இருக்கிறதுதானே வெளிய வரும்?" அன்றைக்கு என்ன கனவு என்று அப்பாவிடம் கேட்டேன். "வெறிநாய் ஒண்ணு பேத்திமேல பாஞ்சுது சார். அடிச்சு வெரட்டினேன்" என்றார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

சில வருடங்களாகவே இது நடக்கிறதாம். தாயத்து கட்டியாகிவிட்டது. குலதெய்வம் கோயிலில் கயிறு மந்திரித்தாகிவிட்டது. கடைசியாக, ராத்திரி படுக்கும்போது அவருடைய கையைத் துண்டால் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மருத்துவரிடம் மட்டும் யாரும் போகவில்லை. இதே கதையை வேறு வேறு குடும்பங்களின் வாயால் கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர். ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் இரவு முழுக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வரும். மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் கட்டத்தை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்தார்கள். அதுதான் கனவுத் தூக்கம், அதாவது ரெம் தூக்கம். அப்போது மூளை கிட்டத்தட்ட விழித்திருப்பதைப் போலவே சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் மூளைத்தண்டிலிருந்து போகும் ஓர் உத்தரவு கை கால் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சுக்கு உதவும் உதரவிதானமும் மட்டும் விதிவிலக்கு. அந்த உத்தரவு சரியாகப் போய்ச் சேராவிட்டால், கனவில் ஓங்கிய கை நிஜத்திலும் ஓங்கும். அவ்வளவுதான் விஷயம்.

பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஷூவே 1965-இல் பூனைகளின் மூளைத்தண்டில் அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த பூனைகள் எழுந்து, அங்கே இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. மனிதர்களிடம் இதைத் தனி நோயாக 1986-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஷென்க், மஹோவால்ட் குழுவினர் பதிவுசெய்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இது இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் ஆண்களே அதிகம். பெண்களுக்கும் வருகிறது, அவர்கள் அவ்வளவு ஆவேசமாகக் கை கால் வீசுவதில்லை, அதனால் யாரும் கவனிப்பதில்லை.

சரி, அந்த மகன் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். "மனசுல இருக்கிறதுதான் தூக்கத்துல வெளிய வரும்." பேய் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவர்களிடம்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. பேய் என்றால் பழி பேய்மேல் போகிறது; அப்பா பாவப்பட்டவர் ஆகிறார். இந்த வாக்கியமோ முப்பது நாற்பது வருடம் ஒழுங்காகக் குடும்பம் நடத்திய மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. படித்த பிள்ளைகள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். ஆழ்மனம், அடக்கிவைத்த கோபம் என்று எங்கேயோ கேட்டதைக் கொண்டுவந்து அப்பாமேல் ஒட்டுகிறார்கள்.

இந்த நோயாளிகளின் கனவுகளைக் கேட்டுப் பாருங்கள். திருடன் வீட்டுக்குள் நுழைகிறான். பாம்பு சீறுகிறது. முகம் தெரியாத யாரோ துரத்துகிறார்கள். பெரும்பாலும் கனவு காண்கிறவர் தாக்கப்படுகிறவராக இருக்கிறார். தன்னையோ வீட்டாரையோ காப்பாற்றத்தான் கையை வீசுகிறார். கண் மூடியிருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பது மனைவி என்பது அந்த நொடியில் அவருக்குத் தெரியவே தெரியாது. இவர்களுடைய பகல்நேர சுபாவத்தைக் கேள்வித்தாள் வைத்து அளந்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. கனவுகளில் சண்டை நிறைய இருந்தது. பகலில் முரட்டுத்தனம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. என் அறையில் மனைவிமார் சொல்வதும் அதேதான்: "பகல்ல ஈ எறும்புக்குக்கூட தீங்கு நெனைக்க மாட்டாரு சார்."

அடி மனைவிமேல் மட்டும் விழுவதுமில்லை. அதே கை சுவரில் மோதுகிறது, ஜன்னல் கம்பியில் மோதுகிறது. கட்டிலிலிருந்து பாய்ந்து மேசை முனையில் நெற்றியைப் பிளந்துகொண்டு வருகிறார்கள். விரல் எலும்பு உடைந்து வருகிறார்கள். ஆழ்மனதின் கோபம்தான் காரணம் என்றால் இதையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதனால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மனைவி மானத்துக்குப் பயந்து காயத்தை மறைக்கிறார். கணவர் குற்ற உணர்ச்சியில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். பிள்ளைகள் பேச்சை நிறுத்துகிறார்கள். மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படக்கூடிய ஒரு தொந்தரவு, யாரும் வாய் திறக்காததால் வருடக் கணக்கில் அப்படியே கிடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழித்திருக்கும்போது மனைவியை அடிக்கிற ஆண்களுக்கு இந்த நோயின் பெயர் சாக்காகிவிடக் கூடாது. அதனால் இப்படி வருகிற எல்லோரிடமும், முதலில் மனைவியைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவேன். பகலில் கை நீட்டுவாரா, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது.

தூக்கத்தில் நடக்கிற எல்லாமே இந்தக் கோளாறும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை படுத்த ஓரிரண்டு மணி நேரத்தில் அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் அம்மாவை அடையாளம் தெரியாமல் அழுதுவிட்டு, காலையில் எதுவும் ஞாபகமில்லை என்கிறதா? அது ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அரைகுறையாக விழிப்பது. தூக்கத்தில் நடப்பதும் அந்த வகைதான். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். ரெம் கோளாறு வழக்கமாகப் பின்னிரவில், விடியும் நேரத்தில் வரும். எழுப்பினால் சட்டென்று தெளிந்து கனவைச் சொல்வார்.

அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதற்கு நேர் எதிரானது. அங்கே நினைவு விழித்துவிடுகிறது, தசைகளைத் தளர்த்திய உத்தரவு மட்டும் இன்னும் விலகவில்லை. கண் திறந்திருக்கும், விரல் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மூச்சு நிற்காது, உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. சில நொடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களில் சரியாகிவிடும். சரியான தூக்கமில்லாத நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும். எப்போதாவது வந்து போனால் அதற்குப் பயப்படவே வேண்டாம். அடிக்கடி வந்து, பகலிலும் அடக்க முடியாமல் தூங்கி விழுந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் ஒரே அசைவு வந்தால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். குறட்டை விட்டு, மூச்சு அடைபட்டுத் திமிறி எழுகிறவர்களும் இதே மாதிரி கை காலை வீசுவார்கள். அவர்களுக்கு வைத்தியமே வேறு. அதனால்தான் ஓர் இரவு முழுக்க வீடியோவோடு தூக்கப் பரிசோதனை கேட்கிறோம். மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசையின் இறுக்கம் மூன்றும் சேர்ந்து பதிவாக வேண்டும். வீட்டிலேயே விரலிலும் மூக்கிலும் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவி குறட்டைக்குச் சரி, இதற்குப் போதாது. அந்த ரிப்போர்ட்டை நீட்டி "எல்லாம் நார்மல் சார்" என்று சொல்கிறவர்களை மறுபடியும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு அவர்களுக்கு வீண்.

இவர்களை நாங்கள் தேடுவதற்கு மனைவியின் மணிக்கட்டு மட்டும் காரணமில்லை. 1996-இல் அதே மினியாபொலிஸ் குழு, வேறு நோய் எதுவும் இல்லாமல் இந்தக் கோளாறு மட்டும் இருந்த 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்டது. அவர்களில் 38 சதவீதம் பேருக்குப் பின்னாளில், கை நடுங்கி நடை தளரும் பார்க்கின்சன் வகை மூளை நோய் வந்திருந்தது. 2019-இல் பல நாடுகளின் 24 மையங்கள் சேர்ந்து 1,280 பேரைப் பின்தொடர்ந்த முடிவும் வந்தது. 12 வருடங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் பார்க்கின்சனோ அதன் இனத்தைச் சேர்ந்த மறதி நோயோ வரும் என்று அது கணக்கிட்டது. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் முதலில் படிந்து, பிறகு மேலே பரவுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். கை நடுங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கனவுத் தூக்கம் கெடுவது இதனால்தான். வாசனை தெரியாமல் போவதும் தீராத மலச்சிக்கலும் இதே போல முன்கூட்டியே வரலாம்.

பாரிஸில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் என்னை வியக்கவைக்கிறது. பகலில் கால் இழுபட்டு, குரல் ஒடுங்கிப்போன பார்க்கின்சன் நோயாளிகள், இந்தக் கனவுகளின்போது வேகமாகக் கையை வீசினார்கள், ஓங்கிய குரலில் தெளிவாகப் பேசினார்கள். கூடப் படுப்பவர்கள் சொன்னதை வீடியோவும் உறுதிசெய்தது.

கோளாறு இருக்கிற எல்லோருக்கும் நாளைக்கே பார்க்கின்சன் வரப்போவதில்லை. பலருக்கு வருடக் கணக்கில் எதுவும் ஆவதில்லை. வருவதைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அப்படியிருக்க, இதை நோயாளியிடம் எவ்வளவு சொல்வது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. மகனிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அப்பாவிடம் மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. தெரிந்தவர்கள் உடற்பயிற்சியை விடாமல் செய்கிறார்கள், வருடா வருடம் வந்து காட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் அந்தத் துண்டை அவிழ்த்துவிடுங்கள். கட்டிய கையோடு கட்டிலிலிருந்து பாய்ந்தால் தோள்பட்டை நழுவும். மெத்தையைத் தரையில் போடுங்கள். சுற்றி இருக்கும் கண்ணாடி டம்ளர், மேசை, ஸ்டூல் எல்லாவற்றையும் நகர்த்துங்கள். கெட்ட கனவு வராமலிருக்கத் தலையணைக்கு அடியில் கத்தியோ இரும்போ வைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இந்த நோயாளியின் படுக்கையில் அதை வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எழுந்து போய் எடுக்கத் தேவையில்லாத தூரத்தில் ஆயுதத்தை வைக்கிறீர்கள். மருந்து பிடிக்கும் வரை அம்மா தனிப் படுக்கையில் படுக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர் கத்திக் கை வீசும்போது கிட்டே போய் உலுக்காதீர்கள். கையைப் பிடித்து அமுக்காதீர்கள். கனவில் வருகிற எதிரி நீங்கள்தான் என்று ஆகிவிடும். எட்ட நின்று "ஏங்க, எந்திரிங்க" என்று சத்தமாகக் கூப்பிடுங்கள், லைட்டைப் போடுங்கள். முடிந்தால் செல்போனில் ஒரு வீடியோ எடுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

குளோனாசெபாம், மெலடோனின் இரண்டும் இதற்குத் தரப்படுகிற மருந்துகள். பெயர் தெரிந்துவிட்டது என்று மெடிக்கல் கடைக்குப் போகாதீர்கள். குறட்டையோடு மூச்சடைப்பும் உள்ளவருக்குக் குளோனாசெபாம் கொடுத்தால் அது இன்னும் மோசமாகலாம். வயதானவர்கள் தள்ளாடி விழுவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் இந்தக் கோளாறைத் தூண்டும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது; எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தும்போதும் இது வரும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்களிடம் வரும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். கூடப் படுப்பவரைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, கண் மூடியிருக்கிறதா, எழுப்பினால் தெளிவாகப் பேசுகிறாரா, குறட்டை உண்டா என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும். அவரை வீட்டில் விட்டுவிட்டு மகனும் மருமகனும் மட்டும் வந்து உட்கார்ந்தால், நான் திருப்பி அனுப்பத்தான் வேண்டியிருக்கும்.