வழுவமைதி

நிரல் பிழையைக் குறிக்கும் 'பக்' என்பதற்கு 'வழு' என்று எழுத மென்பொருள்காரர்கள் பழகிவிட்டோம். அதன் கூடப்பிறந்த 'வழுவமைதி' என்ற சொல்லை மட்டும் பத்தாம் வகுப்பு இலக்கணத்தோடு விட்டுவிட்டோம். பழைய பிழையை நம்பியிருப்பவை கெடாதிருக்க அதை அப்படியே விட்டுவைப்பதை 'பக் கம்பாட்டிபிலிட்டி' என்கிறோம்; அந்த இடத்தில் பொருந்துவது இந்தச் சொல்தான்.

வழுவுதல் என்றால் நழுவுதல், தவறுதல். 'அமைதி' இங்கே சத்தமில்லாமை அல்ல, அமைதல், ஏற்புடையதாதல். பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்துட்டா' என்றால் திணை பிசகுகிறது. உவப்பினால் சொன்னது என்று இலக்கணம் ஏற்கிறது. 'தலைவர் நாளை வருகிறார்' என்பதில் காலம் பிசகுகிறது. வருவது உறுதி என்பதால் அதையும் ஏற்கிறது. காரணம் இல்லாவிட்டால் அது வெறும் வழு.

மென்பொருளில் பேர்போன வழுவமைதி எக்செலில் இருக்கிறது. 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனாலும் நாட்களுக்கு வரிசை எண் போடும் எக்செலில் அந்த ஆண்டின் பிப்ரவரி 29-க்கு 60 என்ற எண் உண்டு. எக்செலுக்கு முன்பே இருந்த விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அப்படிக் கணக்கிட்டது; அதன் கோப்புகளோடு ஒத்துப்போக எக்செலும் அதையே வைத்துக்கொண்டது.

எனக்கு இது உறைத்தது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில். எடை போட்ட வண்டிகளின் பட்டியல் எடை போட்ட வரிசையிலேயே வரும். அப்படி வரவேண்டும் என்று யாரும் நிரலில் எழுதவில்லை. வரிசை சொல்லாமல் கேட்டால் தரவுத்தளம் எந்த வரிசைக்கும் பொறுப்பில்லை. தேடல் வேகமாகட்டும் என்று, தரவுத்தளத்தில் பெயர்களை அகரவரிசையில் அடுக்கிவைக்கும் ஓர் இண்டெக்ஸ் போட்டேன். நிரல் சரியா என்று தானாகப் பார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. மறுநாள் பட்டியல் பெயர் வரிசையில் வந்தது. சரக்கு இறக்குகிறவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் வண்டியைக் கூப்பிடுவார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காவேரிப்பட்டணத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூரா மாங்காய் கொண்டுவந்தவர் மாலைவரை வெயிலில் நின்றார்.

அதற்காகக் கண்ணில் படுவதையெல்லாம் சோதனை போட்டுக் கட்டிவைக்கக் கூடாது. பிழைச்செய்தியில் ஓர் இடைவெளி மாறினாலும் சிவப்பு காட்டினால், ஆறு மாதத்தில் சிவப்பை யாரும் மதிக்கமாட்டார்கள். யாராவது அதை நம்பி வேலை செய்கிறார்களா என்று கேட்க வேண்டும். செய்கிறார்கள் என்றால் சோதனை வேண்டும், காரணமும் அதிலேயே இருக்க வேண்டும்.

பட்டியல் எடை போட்ட வரிசையில் வருகிறதா என்று பார்க்க இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அதன் பெயர்: 'வழுவமைதி – வண்டி இறக்கும் வரிசைக்கு இந்தப் பட்டியலைப் பார்க்கிறார்கள்.' வண்டிக்கு டோக்கன் எண் கொடுக்க ஆரம்பித்ததும் அந்தச் சோதனையை நீக்கிவிடுவேன்.