படுகளத்து மண்: கதை எப்படி நம்பிக்கையாகிறது?

திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே துரியோதனனைச் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். கோயிலுக்கு எதிரே உள்ள வெட்டவெளியில் வண்டி வண்டியாக மண் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, மல்லாந்து கிடக்கிற பெரிய உருவம் ஒன்றை எழுப்புவார்கள். முறுக்கு மீசை, உருட்டிய கண், மார்பெல்லாம் வண்ணப்பொடி. தொடைக்குள்ளே சிவப்புச் சாயம் கரைத்த பானை ஒன்றைப் புதைத்து, மேலே மண் பூசி மறைத்துவிடுவார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. எங்கள் ஊரில் மண்ணை மிதித்துக் குழைப்பது பையன்களின் வேலை. முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டு நானும் மிதித்திருக்கிறேன்.

மத்தியானம் கூத்துக்காரர்கள் முழு வேடத்தோடு வருவார்கள். இரவெல்லாம் ஆடிய களைப்பு அரிதாரத்தையும் மீறித் தெரியும். பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் பீமன் கதாயுதத்தால் தொடையில் ஓங்கி அடிக்க, பானை உடைந்து சிவப்பு நீர் வழியும். அதைத் தொட்டுத்தான் திரௌபதி இத்தனை வருஷமாக விரித்துப் போட்டிருந்த கூந்தலை முடிவாள். கூட்டத்தில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். வீட்டில் எதற்கும் கண் கலங்காத என் ஆயாவும் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொள்ளும்.

காலையில் நான் மிதித்த அதே மண். மத்தியானம் அதன் மேல் கால் பட்டுவிடாமல் தள்ளி நின்றேன். யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

அந்த ஐந்தாறு மணி நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். உளவியலும் மூளை ஆய்வும் இதற்குத் துண்டு துண்டாகப் பதில் வைத்திருக்கின்றன. அந்தத் துண்டுகளைப் படுகளத்தில், அதாவது துரியோதனன் விழும் இந்தச் சடங்கில், வைத்துப் பார்த்தால் நன்றாகப் பொருந்துகின்றன.

முதல் துண்டு 1944-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிடைத்தது. ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற இருவர் அட்டையில் வெட்டிய உருவங்களை வைத்து குட்டிப் படம் ஒன்றை எடுத்தார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரித் திறந்து மூடும் ஒரு கட்டம். அவை அங்கும் இங்கும் நகரும், அவ்வளவுதான். பார்த்த 34 மாணவிகளிடம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோது, ஒரே ஒருவர்தான் முக்கோணம் நகர்ந்தது, வட்டம் நகர்ந்தது என்று எழுதினார். மற்ற எல்லாரும் அதில் உயிரைப் பார்த்தார்கள். பெரிய முக்கோணம் முரடனானது, வட்டம் பயந்து ஓடியது, சின்ன முக்கோணம் அதைக் காப்பாற்ற வந்தது. அசைவு இருந்தால் அதன் பின்னால் ஒரு எண்ணம் இருக்கும் என்றே நம் மனம் எடுத்துக்கொள்கிறது. இதற்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை.

அட்டைக்கே இப்படி என்றால், மீசை வைத்த மண்ணுக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் அந்த முக்கோணத்தை யாரும் கும்பிடவில்லை. படம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். ஆக, அங்கே இல்லாத ஏதோ ஒன்று படுகளத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய நாட்களைப் பார்க்க வேண்டும்.

திருவிழா பெரும்பாலும் பத்துப் பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கும் மேலே. மத்தியானத்தில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்திலிருந்து ஒரு பாட்டை இழுத்துப் பாடி, அப்புறம் பேச்சுத் தமிழில் அதை விரிப்பார். நடுநடுவே ஊர் நடப்பையும் கோத்துக்கொள்வார். சூதாட்டத்தைச் சொல்லும்போது சீட்டாடி நிலத்தை இழந்தவன் கதை வந்துவிடும். பின் நாட்களில், பிரசங்கத்தில் கேட்ட அதே பகுதி இரவில் கூத்தாக வரும். பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை ஓடும். சின்ன வயதில் எனக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். பகலில் சொன்னதையே ராத்திரியும் எதற்கு ஆட வேண்டும்?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாஸன் குழுவினர் செய்த இரண்டு ஆய்வுகளைப் படித்தபோதுதான் அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. 2010-இல் வந்த முதல் ஆய்வில், ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னபோது அவரது மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்தப் பதிவைக் கேட்டவர்களின் மூளையையும் செய்தார்கள். சொன்னவரின் மூளையில் எழுந்த செயல்பாடு கேட்டவர்களின் மூளையிலும் கொஞ்சம் பிந்தி எழுந்தது. சில பகுதிகளில் கேட்பவரின் மூளை முந்திக்கொண்டது, அதாவது அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்தது. எந்த அளவுக்கு இரண்டு மூளையும் ஒத்துப்போனதோ அந்த அளவுக்குக் கதை நன்றாகப் புரிந்தது. கேட்பவர்களுக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் சொன்னபோது இந்த ஒத்திசைவு காணாமல் போனது.

2017-இல் வந்த இரண்டாவது ஆய்வு இன்னும் ஆழமானது. ஒரே கதையை இரண்டு குழுவுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். கேட்பதற்கு முன் ஒரு குழுவிடம் அந்தக் கதையில் வரும் மனைவி கணவனை ஏமாற்றுகிறாள் என்றும், மறு குழுவிடம் அவள் உண்மையானவள், கணவன்தான் வீண் சந்தேகக்காரன் என்றும் சொல்லிவைத்தார்கள். அப்புறம் கேட்டது அதே குரல், அதே சொற்கள். ஆனாலும் ஒரே குழுவுக்குள் மூளைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக, இரண்டு குழுக்களும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. முன்கூட்டிச் சொன்ன சில வரிகள் கேட்டதன் பொருளையே மாற்றிவிட்டன.

மத்தியானப் பிரசங்கம் செய்வது இந்த வேலையைத்தான் என்பது என் கணிப்பு. யார் மேல் இரக்கப்பட வேண்டும், யாருடைய மௌனத்துக்காகக் கோபப்பட வேண்டும் என்பதைப் பகலிலேயே ஊர் முழுக்கச் சேர்ந்து கேட்டுவிடுகிறது. இரவில் கூத்து தொடங்கும்போது அத்தனை பேரும் ஒரே இடத்திலிருந்து பார்க்கிறார்கள்.

முன்கதை மாறினால் தெய்வமே மாறிப்போகும். கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் போருவழி மலைநடை என்ற கோயிலில் துரியோதனனைத்தான் வழிபடுகிறார்கள். பாண்டவர்களைத் தேடித் தாகத்தோடு அந்தப் பக்கம் வந்தவனுக்கு ஒரு கிழவி கள் கொடுத்து உபசரித்தாள், அவன் மனம் நெகிழ்ந்து அந்த ஊருக்கு நிலம் கொடுத்தான் என்பது அங்குள்ள கதை. அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்து எங்கள் படுகளத்தில் நிறுத்தினால் அவர் அழுவதும் வேறு மாதிரிதான் இருக்கும்.

சரி, இத்தனை நாள் கேட்டது எப்படி நினைவில் நிற்கிறது? 1969-இல் கார்டன் பவரும் மைக்கேல் கிளார்க்கும் செய்த சோதனை இதற்குப் போதும். பத்துப் பத்துச் சொற்கள் கொண்ட 12 பட்டியல்கள். ஒரு குழு சும்மா மனப்பாடம் செய்தது, மற்றொன்று ஒவ்வொரு பட்டியலையும் ஒரு குட்டிக் கதையாகக் கோத்துக்கொண்டது. கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னபோது முதல் குழுவுக்கு 13 விழுக்காடு நினைவிருந்தது, கதை கட்டியவர்களுக்கு 93 விழுக்காடு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரத்தில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒரு பங்கு ஒதுக்குகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே இருந்த காலத்தில் தர்மத்தை ஊருக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது.

அதிலும் எது மனதில் ஒட்டும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. பாஸ்கல் போயரும் சார்லஸ் ராம்பிளும் பிரான்ஸ், கபோன், நேபாளம் மூன்று நாட்டிலும் சோதித்துப் பார்த்தார்கள். நாம் உலகத்தைப் பற்றி இயல்பாக எதிர்பார்ப்பதில் ஒன்றை மட்டும் மீறுகிற செய்தி, சாதாரணச் செய்தியைவிட நன்றாக நினைவில் நின்றது. துகிலுரியும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதில் நடக்க முடியாதது ஒன்றே ஒன்று: சேலை முடியாமல் வந்துகொண்டே இருக்கிறது. மற்றதெல்லாம் நாம் வீட்டிலும் தெருவிலும் பார்த்தது. தலைகுனிந்து நிற்கிற கணவர்கள், வாய் திறக்காத பெரியவர்கள், நியாயம் கேட்கிற ஒரு பெண். அந்த ஒரு அதிசயத்தைத் தாங்கிப் பிடிப்பது சுற்றியிருக்கும் அத்தனை நிஜமும்தான்.

மனம் தெய்வத்தைப் புரிந்துகொள்வதும் கதையின் வடிவில்தான் என்பதற்கு ஜஸ்டின் பாரெட், ஃபிராங்க் கீல் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. கடவுளால் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருக்க முடியுமா என்று கேட்டால், ஆய்வில் கலந்துகொண்டவர்கள் முடியும் என்றார்கள். பிறகு ஒரு கதை கொடுத்தார்கள். ஆற்றில் குளிக்கும் ஒரு பையனின் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்கிறது, அவன் வேண்டுகிறான். கடவுள் உலகின் வேறொரு மூலையில் இன்னொருவரின் வேண்டுதலுக்குச் செவிசாய்த்துக்கொண்டிருக்கிறார், இருந்தாலும் சீக்கிரமே பாறையைத் தள்ளிப் பையனை விடுவிக்கிறார். இதை நினைவிலிருந்து சொல்லும்போது பலர், கடவுள் அந்த வேலையை முடித்துவிட்டு இங்கே வந்தார் என்று சொன்னார்கள். கதையில் அப்படி ஒரு வரியே கிடையாது. பாரெட் பிறகு வட இந்தியாவில் இந்துக்களிடம் செய்து பார்த்தபோதும் இதே போக்குதான். என் ஆயாவிடம் கேட்டால் சாமி எங்கேயும் இருக்கும் என்றுதான் சொல்லும். அம்மன் தெருவுலா எங்கள் சந்துக்குள் திரும்பும்போது, “வந்துட்டா, வந்துட்டா” என்று தேங்காய்த் தட்டோடு வாசலுக்கு ஓடும். இரண்டும் அதற்கு உண்மைதான். ஆனால் ஆயாவை ஓடவைத்தது இரண்டாவது உண்மை.

கேட்பதும் நினைவில் வைப்பதும் ஒரு பக்கம் இருக்கட்டும். சொல்பவர் தன்னையே பணயம் வைப்பதைப் பார்க்கும்போது என்ன ஆகிறது? வாய்ச்சொல்லைவிட, சிரமப்பட்டுச் செய்து காட்டுவதையே மனிதர்கள் நம்பிக்கைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009-இல் எழுதினார். அர்ச்சுனன் தபசு நாளில் வேடக்காரர் பனை உயரக் கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் விபூதியும் வீசுவார். கீழே பிள்ளைவரம் கேட்டு நிற்கும் பெண்கள் மடியேந்திப் பிடிப்பார்கள். துகில் கூத்தில் துச்சாதனன் வேடக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். அந்தக் கை நடுங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எத்தனை விளக்கவுரை கேட்டாலும் அந்த நடுக்கத்துக்கு ஈடாகாது.

படுகளத்தன்று மாலையில் தீமிதி. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற கிராமத்திலும் வருடா வருடம் தீ மிதிக்கிறார்கள். ஓர் ஆய்வுக் குழு அங்கே மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்புக் கருவிகளைக் கட்டி அளந்து, 2011-இல் முடிவை வெளியிட்டது. நெருப்பில் நடப்பவரின் துடிப்பும், ஓரமாக உட்கார்ந்திருந்த அவரது உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒரே மாதிரி ஏறி இறங்கின. சுற்றுலாவாக வந்த வெளியாட்களின் இதயம் அந்த வரிசையில் சேரவில்லை. நெருப்பு எல்லாருக்கும் ஒரே நெருப்புதான், ஆனால் நடப்பவர் யார் என்ற கதை தெரிந்தவர்களின் உடம்பு மட்டும் கூடவே நடந்தது.

இந்த வழியில் வெறுப்பும் வரும், அதையும் சொல்லியாக வேண்டும். 2000-இல் மெலனி கிரீன், திமோதி பிராக் இருவரும் வாசகர்களிடம் ஒரு கதையைக் கொடுத்து, பொய்யாகத் தோன்றும் இடங்களை வட்டமிடச் சொன்னார்கள். கதைக்குள் ஆழ்ந்துபோனவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். கதை சொன்ன பக்கமே அவர்கள் எண்ணமும் சாய்ந்தது. அது கற்பனை என்று முன்பே சொல்லியிருந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு சமூகத்தையே வில்லனாக்கும் கட்டுக்கதை வாட்ஸ்அப்பில் வரும்போது நம் வட்டமிடும் பேனா கீழே விழுந்துவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே பயம் தருகிறது.

ஆனால் எங்கள் பக்கத்துக் கதை அதே சக்தியை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறது. பல திரௌபதி கோயில்களில் காவலாக முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர் நிற்கிறார். வியாசர் பாரதத்தில் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையால் சாகிற அர்ச்சுனன் மகன் இராவான், தமிழில் அரவானாகிக் களப்பலிக்குத் தன்னையே கொடுக்கிறான். சாவதற்கு முன் ஒரு நாளாவது மணம் முடிக்க வேண்டும் என்று கேட்டவனுக்காகக் கண்ணன் மோகினியாக வந்தான் என்று கூவாகத்துக் கதை சொல்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சித்திரைப் பௌர்ணமிக்கும் திருநங்கைகள் அங்கே தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். வேறு கோயில்களில் வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் கதை உள்ளே ஒரு இடம் போட்டுக் கொடுத்தது.

படுகளம் முடிந்ததும் கூட்டம் அந்த மண் உடம்பின் மேல் பாயும். ஆளுக்கொரு பிடி அள்ளுவார்கள், நெல் குதிரில் போட்டால் விளைச்சல் குறையாது என்று. ஒரு வருஷம் ஆயா அள்ளிய மண்ணை என் கையில் கொடுத்தது. “இது நாங்க காலைல மிதிச்ச மண்ணுதானே ஆயா?” என்று கேட்டேன்.

“ஆமாண்டா, நீ மிதிச்சதுதான். சிந்தாம எடுத்துனு போயி குதிருல போடு.”