நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது

"நிலா ஏன் கீழ விழல?" என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்டால், கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிக் காட்டுகிறோம். அதை விட்டுவிடலாம். பிள்ளை மனதில் கயிறுதான் தங்கும், "நிலாவுல யாரு கயிறு கட்டுனா?" என்பது அடுத்த கேள்வி. நிலா விழுகிறது என்றே ஆரம்பியுங்கள்.

பாம்பன், மண்டபம் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் கண்ணெதிரே கிடக்கிறது. தொழிலுக்குப் போகும் படகு தூரத்தில் மறையும்போது அடிப்பகுதி முதலில் மறையும், கொடிக்கம்பம் கடைசியில். கடல் வளைந்து இறங்குகிறது. கண்ணைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் 8 கி.மீ.க்கு அப்பால் சுமார் 5 மீட்டர் உயரம் மறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இரண்டு நாணயமும் ஒரு ஸ்கேலும் வேண்டும். ஸ்கேலை மேசை விளிம்பில் சாய்வாக, நுனி வெளியே நீட்டும்படி வையுங்கள். உள்முனையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். நீட்டிய நுனிமேல் ஒரு நாணயம். ஸ்கேலுக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள முக்கில் இன்னொன்று. நுனியைப் பக்கவாட்டில், அந்த இரண்டாவது நாணயத்தின் பக்கமாகச் சட்டென்று தட்டினால் ஒன்று நேரே கீழே விழும், மற்றது தூரப் பாயும். பார்க்க வேண்டாம், காதைக் கொடுங்கள்: 'டங்' என்று ஒரே சத்தம். இரண்டு சத்தம் கேட்டால் தட்டும்போது ஸ்கேல் தூக்கிக்கொண்டது என்று அர்த்தம். மணலில் செய்தால் எதுவும் கேட்காது. சிமென்ட் தரை வேண்டும்.

ஆக, பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக எறிந்தாலும் பொருள் முதல் நொடியில் 5 மீட்டர் விழுந்தே தீரும். அந்த ஒரு நொடிக்குள் அது 8 கி.மீ. முன்னால் போய்விட்டால்? அங்கே கடலும் 5 மீட்டர் இறங்கியிருக்கும். விழுந்தும் தரை எட்டவில்லை. அடுத்த நொடியும் அப்படியே. இதுதான் சுற்றுப்பாதை.

நொடிக்கு 8 கி.மீ. என்றால் சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கடல் மட்டத்தில் அந்த வேகத்தில் போனால் காற்றில் உரசியே எரிந்துவிடும். அதனால்தான் மேலே போகிறார்கள். உயரம் சின்ன வேலை. ராக்கெட்டின் எரிபொருளில் பெரும்பங்கு பக்கவாட்டு வேகத்துக்கே போகிறது. ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட், 1979 ஆகஸ்டில் கோளாறாகி அந்த வேகத்தை எட்டாமல் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-ல் அதே வகை ராக்கெட் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றவிட்டது.

"மேலே ஈர்ப்பு இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் 400 கி.மீ. உயரத்தில் தரையில் உள்ளதில் சுமார் 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுவதால் மிதக்கிறார்கள். நிலா 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே பூமியின் ஈர்ப்பு குறைவு, நொடிக்கு 1 கி.மீ. வேகமே போதும்.

பொழுது சாய்ந்ததும் கடற்கரையில் நின்றால், சில நாட்களில் அந்த நிலையம் மினுக்காத வெள்ளைப் புள்ளியாக மேற்கிலிருந்து கிழக்கே போவதைப் பார்க்கலாம். நடுவானில் திடீரென்று மங்கினால் பிள்ளைகள் "விழுந்துருச்சு!" என்று கத்துவார்கள். பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.