ஹன்சா: அன்னம் அல்ல, சாத்து

வட ஜெர்மனியின் லூபெக் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், நிற்கிற கார்களின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். 'ஹெச்.எல்.' என்று தொடங்கும். எல் ஊரின் பெயருக்கு. அதற்கு முன்னால் ஹெச் எதற்கு? 'ஹன்சஸ்டாட்', அதாவது ஹன்சா நகரம் என்பதற்கு. ஹாம்பர்க் வண்டியில் இரண்டு ஹெச் இருக்கும், பிரெமன் வண்டியில் ஹெச்.பி. இருக்கும். ஹன்சா என்பது வட ஐரோப்பாவின் வணிக நகரங்கள் இடைக்காலத்தில் சேர்ந்த கூட்டு. அது கடைசியாகக் கூடிப் பேசியது 1669-ல். அந்தப் பெயர் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்பதுதான் என் கேள்வி.

நம்மில் பலருக்கு ஹன்சா என்றால் லுஃப்தான்சா விமானம்தான் நினைவுக்கு வரும். அதன் வாலில் ஒரு பறவை வேறு இருப்பதால், ஹம்சம்தான் ஹன்சா ஆகியிருக்க வேண்டும் என்று நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பறவை அன்னம் அல்ல, ஆங்கிலத்தில் கிரேன் எனப்படும் பெருங்கொக்கு. 'லுஃப்ட்' என்றால் காற்று, 'ஹன்சா' பழைய வணிகர் கூட்டம். சமஸ்கிருத ஹம்சத்துக்கு ஜெர்மனில் உறவுச் சொல் உண்டு, ஆனால் அது 'கான்ஸ்', அதாவது பெருவாத்து. ஹன்சாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, ஊருக்குள் நடப்போம். சில நிமிடத்தில் ஒரு பாலம் வரும். அதில் வணிகத் தெய்வமான மெர்க்குரியின் சிலை நிற்கிறது, வருகிற வெளியூர்க்காரருக்குத் தன் வெற்றுப் பின்புறத்தைக் காட்டியபடி. வியாபாரிகளின் ஊர் நம்மை வரவேற்கிற விதம் அப்படி! பாலத்தைத் தாண்டினால் ஹோல்ஸ்டென் வாயில். 1464-ல் தொடங்கி 1478-ல் முடித்த இரட்டைக் கோபுரம். சதுப்பு நிலத்தில் கட்டியதால் ஒன்றின்மேல் ஒன்று சாய்கிறதோ என்று தோன்றும்படி நிற்கிறது. கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் மண்ணுக்குள்ளேயே போய்விட்டன. வெளிப்பக்கச் சுவரின் பருமன் மூன்றரை மீட்டர், ஊரைப் பார்த்த பக்கம் ஒரு மீட்டர்கூட இல்லை. 1863-ல் இதை இடித்துவிடலாமா என்று நகர மன்றத்தில் வாக்கெடுத்தபோது ஒரே ஒரு வாக்கில் தப்பியது. பிற்பாடு 50 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வாயிலுக்குப் பக்கத்திலேயே ஆற்றோரம் ஆறு செங்கல் வீடுகள் கூர்முகடுகளோடு நிற்கின்றன. உப்புக் கிடங்குகள். 1579-க்கும் 1745-க்கும் இடையில் கட்டப்பட்டவை. இந்த ஊரின் கதையே உப்புதான். தெற்கே லூனெபர்க்கில் உப்பு விளைந்தது, வடக்கே ஸ்கோனே கரையில், அதாவது இன்றைய ஸ்வீடனின் தென்முனையில், ஹெர்ரிங் மீன் கொட்டியது. குளிர்பதனம் இல்லாத காலம். உப்பு இல்லாமல் மீன் நாலு நாள் தாங்காது, இறைச்சி கூடாத ஐரோப்பாவின் நோன்பு நாட்களோ மீன் இல்லாமல் நகராது. இரண்டுக்கும் நடுவில் லூபெக் உட்கார்ந்திருந்தது. முதலில் உப்பு மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் வந்தது. 1398-ல் ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் திறந்தபின் தட்டைப் படகுகளில் வந்தது. உப்பு ஏற்றிக் கூட்டமாகப் போகும் வண்டிகள் என்றதும் எனக்குச் சங்கப் பாடல்களின் உமணர்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்த நினைவு சும்மா வரவில்லை, பின்னால் சொல்கிறேன்.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'ஹன்சா' கிடைக்கிற மிகப் பழைய இடம் நான்காம் நூற்றாண்டின் கோத்திய மொழி விவிலியம். கோத்தியம் ஒரு பழைய ஜெர்மானிய மொழி. அங்கே அது வியாபாரிகளைக் குறிக்கவில்லை. ஏசுவைச் சூழ்ந்து நிற்கும் ரோமப் படைவீரர் கூட்டத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச் சொல் 'ஹோஸ்', உடன்வரும் துணைக்கூட்டம் என்று பொருள். பின்லாந்து மொழிக்காரர்கள் ஜெர்மானிய மொழியிலிருந்து இதைக் கடன்வாங்கி 'கன்சா' என்று வைத்துக்கொண்டார்கள், அங்கே அது மக்கள் என்று ஆகிவிட்டது. எல்லாவற்றிலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: சேர்ந்து நிற்கிற, சேர்ந்து போகிற கூட்டம்.

அப்புறம் வியாபாரிகள் இதை எடுத்துக்கொண்டார்கள். கடலிலும் காட்டிலும் தனியே போனால் கொள்ளைக்காரனுக்கு இரை. அதனால் ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் ஒரு ஹன்சாவாகச் சேர்ந்தார்கள். அதில் சேரக் கட்டும் பணத்துக்கும் ஹன்சா என்றே பேர். சேர்ப்பதற்கு ஒரு வினைச்சொல்லும் பிறந்தது. இன்றைய ஜெர்மனில் 'ஹென்செல்ன்' என்றால் ஒருவரைக் கேலிசெய்து சீண்டுவது. கூட்டத்தில் புதிதாகச் சேர்கிறவனைப் படுத்திய பாட்டிலிருந்து வந்தது அது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். நார்வேயின் பெர்கன் நகர வணிகக் குடியிருப்பில் புதுப் பையனைப் புகைபோக்கியில் கட்டித் தூக்கி, கீழே நாற்றமெடுக்கிற கண்டதையும் கொளுத்தி, கேள்வி கேட்டுப் பதில் சொல்லச் சொன்னார்கள். நம் கல்லூரி விடுதி ராகிங்கெல்லாம் இதற்கு முன்னால் பிச்சை வாங்க வேண்டும்.

இந்த பெர்கனுக்குப் போய்வந்த லூபெக் வணிகர்களின் சின்னத்தில் பாதி கழுகு, பாதி கிரீடம் சூட்டிய மீன். மீன் என்றால் உயிர்மீன் அல்ல, காற்றில் காயவைத்த காட் மீன், அதாவது கருவாடு. கருவாட்டுக்குக் கிரீடம் வைத்த வேறு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. லூபெக்கின் மேரி தேவாலயத்தில் இவர்களுக்கென்று தனி வழிபாட்டிடமே உண்டு. அந்தக் கோயிலின் நடுக்கூடம் 38 மீட்டருக்கு மேல் எழும்புகிறது, செங்கல் வளைவுகளில் உலகிலேயே உயரமானது என்கிறார்கள். ஆனால் உள்ளே போனால் கண் மேலே போகாது, தெற்குக் கோபுரத்தின் அடியில் தரையில்தான் நிற்கும். 1942 மார்ச் இறுதியில், குருத்தோலை ஞாயிறு இரவின் குண்டுவீச்சில் தீப்பிடித்துக் கீழே விழுந்த மணிகள் அங்கே கிடக்கின்றன. நொறுங்கிய வெண்கலமும் பிளந்த தரையும் விழுந்தது விழுந்தபடி. எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே நகர மன்றம். அதன் உயர்ந்த முகப்புச் சுவரில் பெரிய வட்டத் துளைகள். வெறும் அழகுக்கு அல்ல, கடற்காற்று சுவரைத் தள்ளிவிடாமல் ஊடே போவதற்கு. 1356-ல் நகரங்களின் பொதுக்கூட்டம் முதன்முறையாகக் கூடியது லூபெக்கில்தான். 1358-ல் 'ஜெர்மன் ஹன்சாவின் நகரங்கள்' என்ற தொடர் ஆவணத்தில் வருகிறது. வியாபாரிகளின் கூட்டம் ஊர்களின் கூட்டமாக மாறிய இடம் இது. சொல்லின் பொருளும் இங்கேதான் திரும்புகிறது.

இங்கிருந்து வடக்கே நடந்தால் கப்பல் தலைவர்கள் சங்கத்தின் 1535-ஆம் ஆண்டு வீடு. இப்போது உணவகம், கூரையிலிருந்து கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன. அதன் பக்கத்தில் ஆற்றுக்கு இறங்கும் தெருவின் பெயர் 'எங்கெல்ஸ்குரூபே'. 'எங்கெல்' என்றால் தேவதூதன், ஆகவே தேவதூதர் தெரு என்று நினைக்கத் தோன்றும். இல்லை, இங்கிலாந்து என்பதன் மருவல் அது. இங்கிலாந்து போகும் கப்பல்கள் நின்ற கரைக்கு இறங்கும் தெரு. இந்தப் பக்கத் தெருக்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே குனிந்து நுழைய வேண்டிய சந்துகள் உண்டு. ஒரு சவப்பெட்டி போகிற அகலம் இருந்தால் போதும் என்பதுதான் அந்தக் காலக் கணக்கு என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

இனி, தமிழில் என்ன சொல்வது? வழக்கமாக 'ஹன்சியாட்டிக் லீக்' என்று ஆங்கில வழியில் எழுதுகிறோம், அல்லது ஹன்சா சங்கம், ஹன்சா கூட்டமைப்பு என்கிறோம். சங்கம் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. காரணம் ஹன்சாக்காரர்களே கொடுத்த வாக்குமூலம். 1468-ல் டென்மார்க் அரசர் ஆங்கிலக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்து அந்தக் கோபத்தை ஹன்சாமேல் காட்டி, லண்டனில் இருந்த அதன் வணிகர்களைச் சிறையில் போட்டது. மறு ஆண்டு ஹன்சா பதில் சொன்னது: நாங்கள் கூட்டு நிறுவனமும் இல்லை, கழகமும் இல்லை, ஒரே உடலான அமைப்பும் இல்லை. எங்களுக்குப் பொதுக் கஜானா இல்லை, பொது முத்திரை இல்லை. ஒருவன் செய்ததற்கு இன்னொருவனைப் பிடிக்க முடியாது. வணிகம் நல்லபடி நடக்க ஊர்கள் சேர்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். சட்டத் தந்திரம்தான், ஆனாலும் உண்மையும் அதில் நிறைய உண்டு. உறுப்பினர் பட்டியலைக்கூட அவர்கள் தெளிவாகக் கொடுத்ததில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நமக்குத் தெரிந்த சங்கம் இது இல்லை.

பழந்தமிழில் தேடினால் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் கல்வெட்டில் 'வெள்ளறை நிகமத்தோர்' வருகிறார்கள். ஆனால் நிகமம் ஓர் ஊரில் ஊன்றியிருக்கும் வணிகர் குழு. ஐந்நூற்றுவர் இன்னும் நெருங்கி வருகிறார்கள். பல ஊர், பல தேசம் என்று பரந்த கூட்டம். 1088-ல் சுமத்ராவின் பரூஸில் தமிழ்க் கல்வெட்டு வைத்தவர்கள். அமைப்பை ஒப்பிட அவர்களைவிட நல்ல உவமை கிடையாது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் பெயர், அதை ஜெர்மன்காரருக்குச் சூட்ட முடியாது.

எஞ்சுவது 'சாத்து'. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்து, சுங்கம் வாங்கும் பெருவழியில் போகிறது 'அணர்ச்செவிக் கழுதைச் சாத்து'. உமணர்கள் உப்போடு போனதும் சாத்தாகத்தான். கோவலனின் தந்தை மாசாத்துவான், பெருஞ்சாத்தின் தலைவன். இதுவும் பிறவித் தமிழ்ச் சொல் அல்ல, வடக்கே 'சார்த்த' என்று இருந்தது வந்து சேர்ந்தது. இருக்கட்டும், ஈராயிரம் ஆண்டு பழகிவிட்டது. சேர்ந்து வழிபோகிற கூட்டம், காவலுக்காகச் சேர்ந்த கூட்டம், வணிகத்துக்காகச் சேர்ந்த கூட்டம் என்று ஹன்சா எதை எதையெல்லாம் சுமந்ததோ அதையே சாத்தும் சுமக்கிறது. ஆகவே பொதுச் சொல்லாக வரும் ஹன்சாவுக்கு 'வணிகச் சாத்து', ஹன்சஸ்டாட்டுக்குச் 'சாத்து நகரம்' என்பது என் பரிந்துரை. பிற்கால நகரக் கூட்டைக் குறிக்கும்போது மட்டும் ஹன்சா என்று பெயரை வைத்துக்கொண்டு, 'வணிக நகரக் கூட்டு' என்று விளக்கம் சேர்க்கலாம்.

ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. இன்றைக்குச் 'சாத்து' என்றால் கதவைத்தான் சாத்துவோம், கோபம் வந்தால் ஆளையும் சாத்துவோம். 'சாத்து நகரம்' என்று கேட்டவுடன் பூட்டிய ஊரோ என்று ஒருவர் கேட்கக்கூடும். லூபெக்கில் அதுவும் முழுக்கத் தப்பில்லை. ஹோல்ஸ்டென் வாயிலை ராத்திரியானால் சாத்தத்தான் செய்தார்கள். பெர்கனில் புதுப் பையன்களையும்.