மிளகு ஓட்டையும் குண்டு ஓட்டையும்: ராத்திரிக்கு எந்த வைட் லென்ஸ்?

மாசி மாசம் ராத்திரி பன்னெண்டு மணி வாக்குல இலங்கை மலைநாட்டு மஸ்கெலியாவுல மவுசாக்கலை தண்ணிக்கரையில நின்னு பாத்திருக்கீங்களா? மேற்கால சிவனொளிபாதமலைக்கு ஏறுற பாதையோட லைட்டெல்லாம் ஒரே வரிசையா உச்சி வரைக்கும் எரியும், சீசன் நேரம்தானே, அதுக்கு மேல ஓரியன் நட்சத்திரக் கூட்டம் சாஞ்சு இறங்கிட்டு இருக்கும், நம்ம ஆளுங்க மிருகசீரிடம், திருவாதிரைன்னு சொல்றதெல்லாம் அந்தக் கூட்டத்துல இருக்கிறதுதான், திருவாதிரை மட்டும் தனியா செவப்பா தெரியும். இந்த வருசம் நானும் சித்தப்பா மகனும் அங்க போனோம். எங்கிட்ட 24 மி.மீ. எஃப் 1.4, அவன்கிட்ட 14 மி.மீ. எஃப் 2.8. மி.மீ.ல சொல்றது ஃபோகல் லெங்த், அது கொறைய கொறைய காட்சி அகலமா விழும், எஃப் என்னன்னு கீழ சொல்றேன். ரெண்டுமே நல்ல லென்ஸ். "அண்ணே, பதினாலுதானே வைட்டு, வானம் பூரா விழும், அப்ப அதுதானே ராத்திரிக்கு சரி?"ன்னு கேட்டான். கேள்வி நியாயமானது, ஆனா பதில் அவன் நெனச்ச மாதிரி இல்ல, அத கொஞ்சம் விளக்கமா எழுதலாம்னுதான் ஒக்காந்தேன்.

வீட்டுலயே ஒரு வேல செஞ்சு பாருங்க. லென்ஸ கெமராவுல இருந்து கழட்டி, அப்பேச்சர (உள்ளுக்க சுருங்கி விரியிற ஓட்டைய) முழுசா தெறந்து, டியூப் லைட்டுக்கு நேரா கைய நீட்டிப் பிடிச்சு முன்பக்கக் கண்ணாடி வழியா பாருங்க. உள்ளுக்க வெளிச்சமா ஒரு வட்டம் தெரியும். எவ்வளவு வெளிச்சம் உள்ள போகும்னு தீர்மானிக்கிற வாசல் அந்த வட்டம்தான், முன்னால புடைச்சிக்கிட்டு நிக்கிற பெரிய கண்ணாடி இல்ல. எஃப் நம்பர்ங்கிறது ஃபோகல் லெங்த்த இந்த வட்டத்தோட அகலத்தால வகுத்தா வர்ற கணக்கு, அவ்வளவுதான். அப்ப 14 மி.மீ. எஃப் 2.8ல அந்த வட்டம் 5 மி.மீ., ஒரு மிளகு அளவு. 24 மி.மீ. எஃப் 1.4ல 17 மி.மீ., புள்ளைங்க விளையாடுற குண்டு அளவு. தம்பியோட லென்ஸ்ல முன் கண்ணாடி என்னோடத விட பெருசு, ஆனா வாசல் மிளகு சைஸ்தான். அத நேர்ல பாத்தப்புறம்தான் அவன் என் பேச்ச கவனமா கேக்க ஆரம்பிச்சான்.

இப்ப கணக்கு. மலை, தண்ணி, மேகம், வானத்து மங்கல் மாதிரி பரவி இருக்கிற பொருளுக்கு எஃப் நம்பர் மட்டும்தான் கணக்கு, எஃப் 1.4 எஃப் 2.8ஐ விட நாலு மடங்கு வெளிச்சம் கொடுக்கும். ஏன்னா 24 மி.மீ. லென்ஸ் பெரிய வாசல் வழியா நெறைய வெளிச்சம் எடுத்தாலும் அதே மலைய சென்சர்ல (கெமராவுக்குள்ள படம் விழுற தகட்டுல) பெருசா விரிச்சுப் போடுது, விரிச்சா பங்கு கொறையும்தானே. நட்சத்திரம் அப்படி இல்ல, அது ஒரு புள்ளி, எந்த லென்ஸ் போட்டாலும் புள்ளியாத்தான் விழும், விரியாது, அதனால வாசல் வழியா வந்த அத்தனை வெளிச்சமும் அந்த ஒரு புள்ளியிலயே குவியும். வாசலோட பரப்ப ஒப்பிட்டா 24 எஃப் 1.4 ஒரு செக்கனுக்கு 14 எஃப் 2.8ஐ விட கிட்டத்தட்ட 12 மடங்கு நட்சத்திர வெளிச்சத்த பிடிக்குது. ரெண்டும் ஒரே வானம், ஒரே கெமரா.

ஆனா நேரத்தையும் பாக்கணும், பூமி சும்மா நிக்கலியே. ராத்திரிப் படம் எடுக்குறவங்க 500ஐ ஃபோகல் லெங்த்தால வகுப்பாங்க, அவ்வளவு செக்கன் வரைக்கும் ஷட்டர தெறந்து வைக்கலாம்னு ஒரு பழைய கணக்கு, 14க்கு 35 செக்கன் கிட்ட வரும், 24க்கு 20 செக்கன் கிட்ட. அதையும் சேத்துப் பாத்தாக்கூட 24 ஏழு மடங்கு கிட்ட முன்னால நிக்குது. இந்த 500 கணக்கு ஃபிலிம் காலத்துக்கு சரி, இப்ப 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கெமராவுல (பழைய ஃபிலிம் அளவு சென்சர்) 20 செக்கன் வச்சா ஓரியனோட இடுப்புல இருக்கிற மூணு நட்சத்திரமும் ஆறு பிக்சல் நீளத்துக்கு இழுபட்டு சின்னக் கோடா வரும், பெருசா பிரிண்ட் போடுறதுன்னா 10 செக்கனோட நிறுத்துங்க. நம்ம நாட்டுக்காரங்க இதுல இன்னும் கவனமா இருக்கணும். துருவ நட்சத்திரத்துக்குக் கிட்ட இருக்கிற நட்சத்திரங்க மெதுவாத்தான் நகரும், ஐரோப்பாவுல அது நல்ல உயரத்துல நிக்கும், நமக்கு அது அடிவானத்துல இருந்து 7 பாகைதான், பாதி இடத்துல எதிர் மலைக்குப் பின்னால மறைஞ்சே போயிடும். நம்ம தலைக்கு மேல ஓடுறது வானத்தோட நடுக்கோடு, வேகமா நகர்ற இடமே அதுதான்.

அன்னிக்கு நாங்க 14ல 30 செக்கன் ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கெமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிற எண்) 6400, 24ல 20 செக்கன் ஐஎஸ்ஓ 2500 வச்சோம், மலையோட வெளிச்சம் ரெண்டுலயும் ஒண்ணுபோலதான். நட்சத்திரத்துலதான் வித்தியாசம். 24ல எடுத்த படத்த பெருசாக்கிப் பாக்கும்போது ஓரியனோட இடுப்புக்குக் கிட்ட இருக்கிற அந்த மங்கலான நெபுலா (வாயு மேகம்) ரோஸ் கலர்ல தெரிஞ்சிச்சு, 14ல அது ஒரு வெள்ளைப் புள்ளி.

சரி, அப்ப 24 எஃப் 1.4 வாங்கிட்டா முடிஞ்சிச்சான்னா, இல்ல. அதே படத்துல மேல் இடது மூலைப்பக்கம் சிரியஸ், வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம். அத ஸ்க்ரீன்ல பெருசாக்கினா புள்ளியக் காணோம், ரெக்கைய விரிச்ச வவ்வால் மாதிரி ஒண்ணு நிக்குது. கீழ் மூலையில எதிர்க்கரை லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) லைட்டுங்களும் அதே மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெக்கை. இதுக்குப் பேரு கோமா. சாய்வா வர்ற வெளிச்சம் கண்ணாடியோட நடுவால போறது ஒரு இடத்துல குவியும், ஓரத்தால போறது கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்துல குவியும், எல்லாம் சேந்து வால் முளைச்ச மாதிரி ஆயிடும், அதோட புள்ளிய கோடா இழுக்கிற அஸ்டிக்மாட்டிசம்ங்கிற கோளாறும் சேந்தா ரெக்கை வந்துடும். வாசல் பெருசாக பெருசாக இந்தக் கோளாறு அதோட இருமடி கணக்குல ஏறும். அதனால எஃப் 1.4ல இருந்து எஃப் 2க்கு மூடினா கோமா பாதியாகும், எஃப் 2.8க்கு மூடினா கால்வாசி. ஃபாஸ்ட் வைட் லென்ஸ் இவ்வளவு வில போறதுக்குப் பெரிய காரணமே இந்த ரெக்கைய வெட்டுறதுதான். சாதாரணக் கண்ணாடி உருண்டையில வெட்டின துண்டு மாதிரி வளைவு, அத வச்சு இத அடக்குறது ரொம்பக் கஷ்டம், ஓரத்துல வேற வளைவு இருக்கிற அஸ்ஃபெரிக்கல் கண்ணாடி வேணும். கெனன் 1975லயே 24 மி.மீ. எஃப் 1.4 அஸ்ஃபெரிக்கல் போட்டுச்சு.

பாரத்தப் பத்தியும் சொல்லணும், இங்க எல்லாம் ஏத்தம்தானே. பழைய எஸ்எல்ஆர் கெமராவுல சென்சருக்கு முன்னால ஒரு முகம் பாக்குற மாதிரி கண்ணாடி (மிரர்) இருக்கும், அது மேல எழும்பி விழணும், அதுக்கு இடம் விட்டு கெனன் ஈஎஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டுற வாய்) சென்சர்ல இருந்து 44 மி.மீ. தள்ளி நிக்கும். 14 மி.மீ. லென்ஸ் சாதாரணமா சென்சருக்கு 14 மி.மீ. கிட்ட இருக்கணும், ஆனா அங்கதான் கண்ணாடி ஆடுதே. அதுக்காக வெளிச்சத்த முதல்ல விரிச்சு அப்புறம் குவிக்கிற மாதிரி முன்னால ஒரு பெரிய குழிக் கண்ணாடிய வைப்பாங்க, ரெட்ரோஃபோகஸ்னு சொல்றது இதத்தான், 1950ல ஃப்ரான்ஸ்ல ஆஞ்செனியூ கம்பனி 35 மி.மீ. எஃப் 2.5ல இந்தப் பேரோட கொண்டு வந்துச்சு. முன்னால பெரிய கண்ணாடின்னா பாரம். சிக்மா 2017ல எஸ்எல்ஆருக்காக செஞ்ச 14 மி.மீ. எஃப் 1.8 ஒரு கிலோவுக்கு மேல. மிரர்லெஸ் கெமராவுல அந்தக் கண்ணாடி இல்ல, சோனி ஈ மவுண்ட்ல தூரம் 18 மி.மீ.தான், 2021ல வந்த சோனி 14 மி.மீ. எஃப் 1.8 வெறும் 460 கிராம். அதே எண், அதே எஃப், பாதிக்கும் கீழ. அவங்களோட 20 மி.மீ. எஃப் 1.8 இன்னும் கொறைவு, 373 கிராம், உச்சிக்கு ஏறிப் போய் எடுக்கப் போறவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது அதத்தான்.

நட்சத்திரம் வேற, ஆளுங்க வேற. அதே மாசி மாசம் நம்ம தோட்டத்துல காமன் கூத்து நடக்கும், தீப்பந்தமும் ரெண்டு பல்பும்தான் வெளிச்சம், தப்பு மேளம் அடிக்க அடிக்க மன்மதனும் ரதியும் சுத்திச் சுத்தி ஆடுவாங்க, ஷட்டர் 1/125க்குக் கீழ போனா கையெல்லாம் புகை மாதிரி கலைஞ்சிடும். அங்க எஃப் 2.8ல ஐஎஸ்ஓ 12800 கேக்கும்போது எஃப் 1.4ல 3200 போதும், மொகத்துல பூசின சாயம் அப்படியே வரும். ஆனா ஒண்ணு, வைட்டுன்னா எல்லாமே ஃபோகஸ்ல இருக்கும்னு நெனைக்காதீங்க. 24 எஃப் 1.4ல ரெண்டு மீட்டர்ல இருக்கிற ரதிய ஃபோகஸ் பண்ணினா 1.75ல இருந்து 2.35 மீட்டர் வரைக்கும்தான் தெளிவு, பின்னால நிக்கிற மன்மதன் மங்கிடுவாரு. 14 எஃப் 2.8ல 2.3 மீட்டர்ல வச்சு விட்டா ஒரு மீட்டர் சொச்சத்துல இருந்து மலை வரைக்கும் தெளிவா இருக்கும், கைய வச்சுத் தொடவே வேணாம். இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) குடும்பம் பூரா ஒக்காந்திருக்கிறத எடுக்க பின்னால போக இடமே இருக்காது, அங்க 14தான் காப்பாத்தும், ஆனா ஓரத்துல யாரையும் ஒக்கார வைக்காதீங்க, நேர்க்கோட்ட நேராவே காட்டுறதுக்காக லென்ஸ் ஓரத்த இழுக்குது, பாட்டியோட தலை முட்டை மாதிரி நீண்டுடும்.

மலைநாட்டுல லென்ஸுக்குப் பெரிய எதிரி பனி. அன்னிக்கு ஒன்றரை மணிக்கு மேல எங்க படமெல்லாம் திடீர்னு பால் மாதிரி ஆச்சு, வானத்துல மேகம் ஒண்ணும் இல்ல. டோர்ச் அடிச்சுப் பாத்தா தம்பியோட புடைச்ச கண்ணாடி பூரா பொடிப்பொடியா தண்ணி. தெளிஞ்ச வானத்துக்கு நேரா இருக்கிற கண்ணாடி தன்னோட சூட்ட வெளிய விட்டு, சுத்தி இருக்கிற காத்த விட குளுந்து போகுது, நம்ம காத்துல ஈரம் நெறைய, உடனே படியும். புடைச்ச கண்ணாடி எல்லா பக்கமும் வானத்தப் பாக்குறதால அதுக்கு சீக்கிரம் படியும், என் 24 நீளமான ஹூட் போட்டதால இன்னும் அரை மணி தாங்கிச்சு. துடைச்சா திரும்பப் படியும். பவர் பேங்க்ல ஓடுற சூட்டுப் பட்டி ஒண்ணு கிடைக்குது, அத லென்ஸ சுத்திக் கட்டி, பனி படியிறதுக்கு முன்னாலயே போட்டு விடணும், படிஞ்சப்புறம் போட்டா காயறதுக்கு ரொம்ப நேரமாகும். வீட்டுக்கு வந்ததும் நேரா பேக்ல போட்டு மூடிடாதீங்க, ஈரத்தோட மூடினா ரெண்டு மாசத்துல உள்ளுக்க பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரி கிளை விடும், கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்கையே தின்னுடும். நான் ஒரு பழைய 28 மி.மீ. அப்படித்தான் எழந்தேன். ஒரு ராத்திரி மேசையில வெளிய வச்சு நல்லா காய விட்டு, அப்புறம் காத்துப் போகாத ப்ளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, ஜெல் நிறம் மாறினா அடுப்புல தவா மேல லேசா வறுத்து திரும்பப் போடலாம்.