"எங்களிட்ட ஃபில்டர் இருக்கே தம்பி" என்று சொல்பவர்களுக்கு

இந்த மாதத்தில் நான் திருத்தப் போன நான்காவது கீசர் இது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை, ஐந்தாம் மாடி, கீசர் வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்டைக் கழற்றி எடுத்தால் குழாயே தெரியவில்லை, சுற்றிவர வெள்ளைக் கல்லாகச் சுண்ணாம்பு, ஓரிடத்தில் வெடித்தும் இருந்தது. வீட்டு அன்ரி கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "எங்களிட்ட ஃபில்டர் இருக்கே தம்பி" என்றார்.

பத்து வீட்டுக்குப் போனால் ஏழெட்டு வீட்டில் இதைத்தான் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சமையலறையில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளை நூல் உருளை மண்ணையும் துருவையும் பிடிக்கும். கரி உருளை குளோரின் மணத்தையும் சுவையையும் எடுக்கும். கீசரில் கல்லாகப் படிவதோ தண்ணீரின் வன்மை, அதாவது தண்ணீரில் கரைந்து கிடக்கும் கல்சியமும் மக்னீசியமும். சீனி கரைந்த தேநீரை வடியில் ஊற்றினால் சீனி வடியில் தங்குமா? அதேதான். எத்தனை உருளையை வரிசையாக மாட்டினாலும் அது அப்படியே தாண்டிப் போகும். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதும் சாட்சி இல்லை, யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவு, அதைக் காய்ச்சிய கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"அது சுண்ணாம்புக்கல் பூமி, இது கொழும்பு" என்பது அடுத்த பதில். நீர் வழங்கல் சபையின் பைப் தண்ணீருக்கு அது சரி. களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரித்து வருவதும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்து வருவதும் வன்மை குறைந்த மென்னீர்தான். ஆனால் உங்கள் தொடர்மாடியின் கீழ்த் தாங்கிக்குள் அது மட்டும்தான் போகிறதா? பைப் தண்ணீர் போதாமல் குழாய்க் கிணறு அடித்து இரண்டையும் கலக்கும் கட்டடங்களை நான் தினமும் பார்க்கிறேன், மேல்மாடிக்காரருக்கு அது தெரிவதே இல்லை. கடலோரக் கிணற்றுக்குள் கடல்நீர் கொஞ்சம் ஊறினாலே உப்போடு மக்னீசியமும் கல்சியமும் வந்துவிடும். ஒன்று எலிமென்டை அரிக்கும், மற்றது மூடிக் கட்டும். முதலில் காவலாளியிடம் அல்லது கமிட்டியிடம் கேளுங்கள், அதற்குப் பிறகு கடைக்காரனோடு சண்டை போடலாம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. சிறு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, குளிக்கிற சவர்க்காரத்தைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக மிதந்தால் வன்னீர். சலவைத்தூளில் இதைப் பார்க்காதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். டிடிஎஸ் மீட்டரை நீட்டி நம்பர் காட்டுகிறவர்களையும் நம்ப வேண்டாம், அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுமே தவிர வன்மையைத் தனியாகக் காட்டாது. ஆய்வுகூட அறிக்கை வந்தால், "குடிக்க உகந்தது" என்ற வரியோடு நிறுத்தாதீர்கள். எஸ்எல்எஸ் 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரக் கட்டளையில் மொத்த வன்மைக்கு எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். 180-ஐத் தாண்டினாலே மிக வன்மையான நீர் என்பது நாங்கள் பார்க்கும் கணக்கு. குடிக்கிற உங்களுக்கு அது பிரச்சினை இல்லை, கீசருக்குப் பிரச்சினை.

சரி, என்ன செய்யலாம்? கீசரை 60 பாகை அளவில் வையுங்கள், அதற்கு மேல் போகப் போகப் படிவு வேகமாகச் சேரும். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து கழுவி, தாங்கி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியையும், அழுத்தம் கூடினால் திறக்கிற பிரஷர் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு அடைத்த வால்வு திறக்காது, அது பயப்பட வேண்டிய விஷயம். கேத்தலுக்கும் ஷவர் ரோஸுக்கும் வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஊறவிட்டுக் கழுவினால் போதும். தயவுசெய்து டொய்லட் கழுவுகிற அசிட்டைக் கொண்டுபோகாதீர்கள், உலோகத்தைத் தின்னும், குளோரின் திரவத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு. கட்டடம் முழுவதற்கும் என்றால் வன்மையை எடுக்கிற சொஃப்ட்னர் கருவிதான் வழி, ஆனால் அதற்கு உப்புப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு முடிந்து மாதக்கணக்காகச் சும்மா நிற்கும் சொஃப்ட்னர்களை எத்தனை பேஸ்மென்ட்களில் பார்த்திருக்கிறேன்! கிணற்றின் உவரை அது எடுக்காது என்பதையும் கமிட்டியில் சொல்லி வையுங்கள்.

அந்த ஐந்தாம் மாடி வீட்டில் இன்னொன்றும் இருந்தது. எலிமென்ட் வெடித்ததும், மின் கசிந்தால் தானாக மின்னை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது, யாரோ ஒருவர் வந்து ட்ரிப்பைத் தவிர்த்து வயரை நேரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதே குளியலறையில் இரண்டு சின்னப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். நான் வந்த உடனே மெயினை நிறுத்தி அந்த வயரைத்தான் முதலில் கழற்றினேன். கீசர் போட்டதும் ட்ரிப் விழுந்தால், கீசரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அன்றைக்குப் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், ட்ரிப்பில் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.