தேதி, முகவரி, பெயர்: ஜெர்மனிக்கு வரும் உக்ரைன் குடும்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

உக்ரைனிலிருந்து வந்தவருக்கு ஜெர்மனியில் பாதுகாப்பு கிடைப்பது பொதுவாகக் கடினமல்ல. தடுமாற்றமெல்லாம் அதற்குப் பிறகுதான். வாடகைக்கு அறை கொடுத்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்காக அலுவலகம் வரை கூடப் போகிறவர்கள் என்று இதில் கைகொடுக்கும் தமிழர்களும் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

முதலில் சட்டம். யூகோஸ்லாவியப் போர்களின் அனுபவத்தை வைத்து ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை இயற்றியது. இருபது ஆண்டுகள் அது தூங்கியது. 2022 மார்ச் 4 அன்றுதான் முதல்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம்: 2022 பிப்ரவரி 24-க்கு முன் உக்ரைனில் வசித்து, அன்றோ அதற்குப் பிறகோ போரால் வெளியேறிய உக்ரைன் குடிமக்களும் குடும்பத்தினரும் தனித்தனியாகத் துன்புறுத்தலை நிரூபிக்க வேண்டியதில்லை. தங்கும் உரிமை, வேலை, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் அதிலேயே அடங்கும். எண்பதுகளில் இங்கே வந்த ஈழத்தமிழர்கள் ஒவ்வொருவரும் தன் கதையைத் தனியாகச் சொல்லி நம்ப வைக்க வேண்டியிருந்ததை நினைத்தால், இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது புரியும். இப்போதைய நீட்டிப்பு 2027 மார்ச் 4 வரை. ஜெர்மனியில் இது குடியிருப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. வெளிநாட்டவர் அலுவலகக் கவுன்டரில் எல்லோரும் சொல்வது 'பாராகிராஃப் 24'.

தஞ்சம் என்று பொருள்படும் 'அசூல்' என்ற சொல்லை அந்தக் கவுன்டரில் யோசிக்காமல் உதிர்க்கக் கூடாது. தஞ்ச விண்ணப்பம் வேறு வரிசை. அதில் பாஸ்போர்ட்டை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், தொடக்கத்தில் வேலை செய்யவும் தடை. தஞ்சம் கேட்கும் உரிமை யாருக்கும் பறிபோவதில்லை, பின்னாலும் கேட்கலாம். ஆனால் தெரியாமல் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்ப வருவதற்குள் மாதங்கள் போய்விடும்.

உக்ரைனில் படித்துக்கொண்டிருந்த நம் ஊர் மருத்துவ மாணவர்களையும் பற்றிக் கேட்கிறார்கள். மாணவர் விசா போன்ற தற்காலிக அனுமதியில் இருந்து, சொந்த நாட்டுக்குப் பத்திரமாகத் திரும்ப முடிகிறவர் இந்த ஆணைக்குள் தானாக வருவதில்லை. உக்ரைனில் நிரந்தர வதிவிட அனுமதி இருந்து, திரும்ப முடியாத நிலையில் இருப்பவரின் கதை வேறு.

வந்த தேதிக்கு ஆதாரம் வேண்டும். எல்லையில் குத்திய முத்திரை, ரயில் அல்லது பஸ் டிக்கெட், முதல் இரவு தங்கிய இடத்தின் ரசீது என எதையும் தூக்கிப்போடக் கூடாது. 2022 ஜூன் 1 முதல் உதவித்தொகைக்கு உக்ரைன் நாட்டவர்கள் போகும் இடம் ஜாப்சென்டர், அதாவது வேலையில்லாதோருக்கான உதவி அலுவலகம். 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்தவர்களைத் தஞ்சம் கோருவோருக்கான உதவி முறைக்கு மாற்றுவதென்று ஆளும் கூட்டணி அதே ஆண்டு உடன்பாடு செய்துகொண்டது. ஆக, எந்தக் கவுன்டர், எவ்வளவு பணம் என்பதையே வந்த தேதி தீர்மானிக்கலாம். ஜாப்சென்டர் வழியில் இன்னொரு கணக்கும் உண்டு. விண்ணப்பம் எந்த மாதம் போய்ச் சேர்ந்ததோ அந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்துதான் பணம்; முந்தைய மாதத்துக்குக் கிடைக்காது. மாதக் கடைசி நெருங்கினால், 'உதவிக்கு விண்ணப்பிக்கிறேன்' என்று பெயரும் பிறந்த தேதியும் போட்டு ஒரு வரி அனுப்பி வையுங்கள். பக்கம் பக்கமான படிவத்தைப் பிறகு நிரப்பலாம்.

அடுத்தது முகவரி. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். இங்கே அதை 'அன்மெல்டுங்' என்பார்கள். வரி எண், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாம் இதன் வாலைப் பிடித்துத்தான் வரும். இதற்குத் தேவை வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடிபுகல் உறுதிக் கடிதம். வாடகை ஒப்பந்தம் அதற்கு மாற்றாகாது. அறை கொடுத்தவரே வாடகைக்கு இருப்பவரானால், உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். தபால் பெட்டியில் அந்தக் குடும்பத்தின் பெயரையும் ஒட்டுங்கள். அற்ப விஷயம் போலத் தெரியும்; ஆனால் பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார், அனுமதி அட்டைக்காகக் கைரேகை எடுக்கக் கொடுத்த தேதி தெரியாமலே கடந்துபோகும். தங்க இடமில்லாதவர்களை மாநிலங்களுக்கிடையே பிரித்து அனுப்புவார்கள். வேறு ஊரில் நெருங்கிய உறவினரோ வேலையோ நீண்ட கால வாடகை வீடோ இருந்தால், எழுத்தில் உள்ள ஆதாரத்தை ஒதுக்கீட்டுக்கு முன்னால் காட்டுங்கள். ஒதுக்கியபின் மாற்றுவது பெரும்பாடு.

எல்லாவற்றையும்விட அதிகம் சிக்கலாக்குவது பெயர்தான். உக்ரைன் அரசு 2010-இல் ஒரே ஒலிபெயர்ப்பு விதியைக் கொண்டு வந்தது. அதற்கு முன் வழங்கிய ஆவணங்களில் எழுத்துக்கூட்டல் வேறு. சோவியத் காலப் பிறப்புச் சான்றிதழில் பெயர் ரஷ்ய வடிவத்தில் இருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒலெனா, பிறப்புச் சான்றிதழில் எலெனா. பாஸ்போர்ட்டில் மிகோலா, திருமணச் சான்றிதழில் நிகொலாய். போதாக்குறைக்கு, ஜெர்மன் பதிவு அலுவலகத்துக்காக மொழிபெயர்க்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் விதிப்படி எழுத்துகளின் தலையில் குறிகள் போட்டு மூன்றாவது வடிவம் ஒன்றைப் பிறப்பிப்பார். அவர் தவறு செய்யவில்லை, விதி அப்படி. ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் கணினிக்கு ஒரே ஆளின் இந்த மூன்று வடிவங்களும் மூன்று தனி ஆட்கள்.

மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுத்து, 'பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் இது' என்று ஒரு குறிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். மற்ற எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் புகைப்படத்துக்குக் கீழே கணினி படிக்கும் வரியில் இருப்பதை எழுத்து மாறாமல் அப்படியே எழுத வேண்டும். தந்தை பெயரிலிருந்து வரும் நடுப்பெயர், இவானிவ்னா என்பது போல, உக்ரைனின் உள்நாட்டு ஆவணங்களில் இருக்கும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் இருக்காது. ஒரு படிவத்தில் அதைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டால் பின்னால் வரும் அத்தனை ஆவணமும் கோணலாகிவிடும். இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தவித்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணவர் கொவால்ஸ்கி, மனைவி கொவால்ஸ்கா என்றிருப்பதும் பிழையல்ல. ஆண்பால், பெண்பால் விகுதி, அவ்வளவுதான். புதிதாக வந்த அதிகாரி 'ஒரே குடும்பம்தானா' என்று கேட்டால் திருமணச் சான்றிதழை நீட்டுங்கள். நிச்சயம் செய்யக் கூடாதது, பொருந்த வேண்டுமே என்று மனைவி பெயரைக் கணவர் பெயர்போல மாற்றி எழுதுவது.

பாட்டியுடனோ சித்தியுடனோ வந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் துணையின்றி வந்த பிள்ளையாகவே பார்க்கப்படலாம். பள்ளிச் சேர்க்கைக்கும் அறுவை சிகிச்சைக்கும் யார் கையெழுத்து என்ற கேள்வி வரும். தாயோ தந்தையோ நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். இல்லாவிட்டாலும் இளைஞர் நல அலுவலகத்திடம் மறைக்க வேண்டாம். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்தான் பலரையும் ஒளிய வைக்கிறது. ஒளிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தடுப்பூசி விஷயத்தில் அட்டையைத் தேடுங்கள். உக்ரைனில் பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு 063 என்ற எண்ணுள்ள படிவத்தில் இருக்கும். கைபேசியில் படமாகவாவது இருக்கலாம். ஜெர்மனியில் 2020 மார்ச் 1 முதல் தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஆதாரம் கட்டாயம்: ஒரு வயதானால் ஒரு ஊசி, இரண்டு வயதானால் இரண்டு. ஆதாரமில்லாமல் கிண்டர்கார்டனில் சேர்க்க மாட்டார்கள். பள்ளியில் சேர்ப்பார்கள், ஆனால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும். படிவம் தொலைந்துவிட்டால் டாக்டரிடம் சொல்லித் திரும்பப் போட்டுக்கொள்வதே சுருக்கமான வழி.

ஓட்டுநர் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். தற்காலிகப் பாதுகாப்பு இருக்கும்வரை உக்ரைன் உரிமமே ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் செல்லும், மாற்றத் தேவையில்லை. பாஸ்போர்ட் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும். 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களுக்கு, ராணுவப் பதிவு விவரங்களைப் புதுப்பித்த ஆவணம் இல்லாமல் உக்ரைன் தூதரகங்கள் 2024 முதல் பாஸ்போர்ட் கொடுப்பதில்லை. காலாவதிக்கு ஒரு வருடம் இருக்கும்போதே ஆலோசனை மையத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாகத் தங்கும் அனுமதி அட்டை. ஒவ்வொருவரையும் மறுபடி வரிசையில் நிறுத்தாமல், ஜெர்மன் அரசு உத்தரவின் மூலமே அனுமதிகளை நீட்டிவந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 1 அன்று செல்லுபடியாக இருந்தவை 2026 மார்ச் 4 வரை நீண்டது அப்படித்தான். புது அட்டை அச்சடித்துத் தரவில்லை. அட்டையில் இருப்பது பழைய தேதி. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இது தெரியும். வங்கி ஊழியருக்கும் சம்பளப் பிரிவு ஆளுக்கும் விமான நிலையக் கவுன்டரில் இருப்பவருக்கும் தெரியாது. நடப்பு நீட்டிப்பு உத்தரவை உள்துறை அமைச்சகத்தின் தளத்திலிருந்து அச்செடுத்து, தேதி உள்ள வரியை மஞ்சள் பேனாவால் கோடிட்டு, அட்டையோடு அதே உறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.